சுவர் முழுக்கக் கித்துல்கல

மனிதன் கையால் செய்த பொருட்களில் எது மிக அழகானது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். பழைய சினிமாஸ்கோப் லென்ஸ்! கடையில் புதிதாக வாங்குவது அல்ல. எங்கோ ஒரு பள்ளிக்கூடத்திலோ கப்பலிலோ கழகத்திலோ ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் படம் காட்ட உழைத்துவிட்டு, பெட்டிக்குள் முடங்கிக் கிடந்து, கைமாறிக் கைமாறி எங்கள் வரிப்பத்தான்சேனைக்கு வந்து சேர்ந்த லென்ஸ். அதற்கு மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம், மோட்டார் வேண்டாம். சில கண்ணாடித் துண்டுகளும் ஓர் அலுமினியக் குழாயும்தான். அதை 16 மில்லிமீற்றர் புரொஜெக்டருக்கு முன்னால் நிறுத்தினால், சுவரில் மூன்றரை அடி அகலத்தில் நின்ற படம் ஏழடிக்கு விரிகிறது. உயரம் ஒரு விரல் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. சுப்ஹானல்லாஹ்!

"காக்கா, போனிலயே எல்லாப் படமும் கிடக்குதே, நீங்க ஏன் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால திரியிறீங்க?" என்று என் ரேடியோத் திருத்தும் கடைக்கு வரும் தம்பிமார் கேட்பார்கள். அவர்களை இஷாத் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வரச்சொல்வேன். வந்து பார்த்தவர்கள் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16 மில்லிமீற்றர் பிலிமில் ஒரு பிரேமின் ஒளி போகும் பகுதி 9.65 மில்லிமீற்றர் அகலம், 7.21 மில்லிமீற்றர் உயரம். கிட்டத்தட்டப் பழைய டிவிப் பெட்டியின் அளவு விகிதம். அவ்வளவு சிறிய இடத்தில் அகலத்திரைப் படத்தை எப்படி வைப்பது? அகலத்தை மட்டும் பாதியாக நெருக்கிப் பதிகிறார்கள். உயரத்தைத் தொடுவதில்லை. அந்தப் பிலிமைச் சாதாரண லென்ஸில் ஓட்டினால் சுவரில் தெரியும் மனிதர்கள் கமுகு மரம்போல நெடுநெடுவென்று நிற்பார்கள். ஸ்கோப் லென்ஸ் வருவதற்கு முன்னால் அப்படித்தான் ஒரு ரீலை ஓட்டிப் பார்த்தேன். உம்மா கதவடியில் நின்று பார்த்துவிட்டு, "என்ன மனே, இந்தப் பட்டாளத்துக்காரனுகளுக்கெல்லாம் ஏதும் வருத்தமா? இப்பிடி மெலிஞ்சு போய்க் கிடக்கானுகள்" என்றார்.

அந்த வருத்தத்துக்கு மருந்துதான் இந்தக் கண்ணாடி. சாதாரண லென்ஸ் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளைந்தது. இதுவோ ஒரு திசையில் மட்டும் வளைந்தது, உருளையின் பக்கத்தைச் சீவி எடுத்ததுபோன்ற வளைவு. குழிந்த ஒன்றும் குவிந்த ஒன்றும் சேர்ந்து, மேலும் கீழும் போகிற ஒளியை அப்படியே விட்டுவிட்டு இடமும் வலமும் போகிற ஒளியை மட்டும் இரண்டு மடங்கு விரிக்கின்றன. பிலிமுக்குள் மடங்கிக் கிடந்த பாதி உலகம் வெளியே வருகிறது!

இதைக் கண்டுபிடித்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கும். ஹென்றி கிரெத்தியன், பிரான்ஸ் நாட்டு வானியல் அறிஞர். 1920களின் நடுப்பகுதியில் 'ஹைப்பர்கோனார்' என்ற பெயரில் இந்த லென்ஸைச் செய்தார். சினிமாக்காரர்கள் கால் நூற்றாண்டு அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் டிவி வந்து தியேட்டர்கள் காலியாகத் தொடங்கியபோது 20த் செஞ்சுரி ஃபொக்ஸ் கம்பனிக்கு வயிற்றைக் கலக்கியது. 1952 டிசம்பரில் அந்தக் கிழவரிடம் போய் லென்ஸை வாங்கிவந்து 'சினிமாஸ்கோப்' என்று பெயர் சூட்டி, 1953 செப்டெம்பரில் 'த ரோப்' படத்தைத் திரையிட்டது. அதோடு உலகத்துத் திரைகளெல்லாம் அகன்றன. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் 1959இல் வந்த குருதத்தின் 'காகஸ் கே பூல்'. தமிழில் 1973இல் சிவாஜி நடித்த 'ராஜராஜ சோழன்'. அதே கிரெத்தியன், ரிச்சி என்ற அமெரிக்கரோடு சேர்ந்து வகுத்த தொலைநோக்கி அமைப்புத்தான் இன்றைக்கு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியிலும் இருக்கிறது. வானத்தை ஹபிளுக்குத் திறந்துகொடுத்த அதே மூளை என் வீட்டுச் சுவரையும் விரித்துக்கொடுத்திருக்கிறது!

இப்போது என் புதையலைச் சொல்கிறேன். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தின் கடைசி ரீல், 16 மில்லிமீற்றர், ஸ்கோப் பிரதி. டேவிட் லீன் இயக்கி 1957இல் வந்து ஏழு ஒஸ்கார் வாங்கிய படம். கதை நடப்பது தாய்லாந்துக் காட்டில். படம் எடுத்ததோ எங்கள் நாட்டில், களனி கங்கை ஓடும் கித்துல்கலவில். மரத்தாலே நிஜமாகவே ஒரு பாலம் கட்டி, நிஜ ரயிலை ஓடவிட்டு, வெடிவைத்துத் தகர்த்தார்கள். சின்ன வயதில் இதை டிவியில் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் அடங்குவதற்காக இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டுக் காட்டிய படம் அது. ஆறு இருக்கும், கரை இருக்காது. கரை வந்தால் பாலம் போய்விடும்.

ஸ்கோப் லென்ஸைப் பூட்டி அந்த ரீலை ஓட்டிய இரவு என் சுவர் முழுக்கக் கித்துல்கல! விடிகாலையில் ஆற்று நீர் வற்றிப்போய், ஒளித்துவைத்த வெடிக் கம்பி மணலில் தெரிகிறதே, அந்தக் காட்சியை அகலத்தோடு பார்க்கவேண்டும். ஒரு பக்கம் பாலம், மறுபக்கம் வெடிப்பெட்டியோடு பதுங்கிக் கிடக்கிற இளைஞன், நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்துவருகிற கேணல். மூன்றுக்கும் இடையில் இருக்கிற தூரம்தான் அந்தக் காட்சியின் உயிர். வெட்டின படத்தில் அந்தத் தூரமே இல்லை. ஒவ்வொரு முகமாகக் காட்டினார்கள், எனக்குப் படபடப்பே வரவில்லை. என் சுவரில் பார்த்தபோது, முடிவு தெரிந்தும் கை வியர்த்தது. அந்தக் கம்பி எத்தனை அடி மீதி என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தேன்.

பிரதி பழையது. பழைய ஈஸ்ட்மன் கலர்ப் பிரதிகளுக்கு வரும் நோய் இதற்கும் வந்துவிட்டது. பச்சையும் நீலமும் வடிந்து காடே ஒரு மாதிரிச் சிவப்பேறிக் கிடக்கிறது. கிடக்கட்டுமே! நிறம் போனாலும் அகலம் போகவில்லை.

இதில் இன்னொரு இனிப்பும் உண்டு. இந்தப் படத்துக்காக ஒளிப்பதிவு ஒஸ்கார் வாங்கியவர் ஜாக் ஹில்ட்யார்ட். 1976இல் முஸ்தஃபா அக்காத் எடுத்த 'த மெசேஜ்' படத்துக்கும் கமராவைப் பிடித்தவர் அவர்தான்! எங்கள் பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்க்காத வீடு குறைவு. ஆனால் எப்படிப் பார்த்தோம்? தேய்ந்த வீடியோக் கஸட்டில், சின்னப் பெட்டியில், பக்கம் வெட்டுப்பட்டு. மொரோக்கோவிலும் லிபியாவிலும் அகல லென்ஸால் எடுத்த பாலைவனத்தில், ஹம்ஸாவாக அந்தோணி குயின் குதிரையில் வருகிற வரத்தை நாங்கள் யாரும் முழுசாகப் பார்த்ததே இல்லை. அதன் ஸ்கோப் ரீல் ஒன்று எங்காவது விலைக்கு வராதா என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன். லென்ஸ் தயார். ரீல்தான் வரவேண்டும், இன்ஷா அல்லாஹ்.

சரி, ஆசை வந்துவிட்டதா? வாங்குகிற வழிக்கு வருவோம். 16 மில்லிமீற்றருக்கான சின்ன ஸ்கோப் லென்ஸ்களை இப்போது புதிதாகத் தேடுவது வீண். பழையதுதான் கதி, பழையதுதான் சுகமும்கூட. ஜப்பானின் கோவா, சங்கோர், ஜெர்மனியின் இஸ்கோ, மொல்லர் என்ற பெயர்கள் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். பெல் அண்ட் ஹவல் என்று பொறித்த சிலதுக்குள் இருப்பதும் கோவா செய்த கண்ணாடிதான். ஆகவே பெயருக்கு மேலதிகமாகக் காசு கொடுக்கவேண்டாம்.

இந்தப் பழைய லென்ஸ்களின் விலை ஏறியதற்கு ஒரு காரணம் உண்டு. போட்டோக் கமராவிலேயே நல்ல வீடியோ எடுக்கலாம் என்று 2008க்குப் பிறகு ஆனதும், இளம் வீடியோக்காரர்கள் இந்த லென்ஸ்களைத் திருப்பிக் கமராவில் மாட்டத் தொடங்கினார்கள். வெளிச்சம் பட்டால் நீல நிறத்தில் குறுக்கே ஒரு கீற்று ஓடுமே, அதற்காகவே வாங்குகிறார்கள். அவர்களுக்குச் சின்னதும் இலேசானதும் வேண்டும். கைக்கு அடங்காத, பாரமான லென்ஸை அவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நமக்கு அதுதான் வாய்ப்பு! மேசையில் அசையாமல் நிற்கப்போகிற புரொஜெக்டருக்குப் பாரம் ஒரு குறையா என்ன?

எங்கள் நாட்டில் தியேட்டர்கள் மூடப்பட்டும் டிஜிட்டலுக்கு மாறியும் போனதில் 35 மில்லிமீற்றர் ஸ்கோப் லென்ஸ்களும் வெளியே வந்தன. அதில் ஒரு கவனம் வேண்டும். முன்னால் தனியாக மாட்டுகிற வகை நமக்கு உதவும். சாதாரண லென்ஸும் ஸ்கோப்பும் ஒரே குழாயில் சேர்ந்து வருகிற வகை பெரிய மண்டபத்துக்குரியது. அந்தத் தியேட்டர் குழாய்களின் விட்டம் பெரும்பாலும் 70.65 மில்லிமீற்றர், நம் புரொஜெக்டரில் நுழையாது. நுழைந்தாலும், குவியத் தூரம் நூறு மில்லிமீற்றர் என்று வைத்தால், வீட்டில் பதினான்கு அடிக்கு அப்பால் ஸ்கோப்பில் விரிந்த பிறகும் இரண்டே முக்கால் அடிப் படம்தான் கிடைக்கும். அழகுக்கு அலுமாரியில் வைக்கலாம்.

இந்தக் கணக்கு மிகச் சுலபம். புரொஜெக்டருக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை 9.65 ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் சாதாரணப் படத்தின் அகலம். ஸ்கோப்புக்கு அதை இரட்டிப்பாக்குங்கள். பதினான்கு அடியும் 50 மில்லிமீற்றர் லென்ஸும் என்றால் ஐந்தடி ஐந்து அங்குலம். 38 மில்லிமீற்றர் என்றால் ஏழடிக்குச் சற்று மேலே. என் கூடத்துக்கு 38தான் பொருத்தம். ஆனால் அதே பல்பின் வெளிச்சம் இரண்டு மடங்கு இடத்தில் பரவுகிறது என்பதை மறக்கவேண்டாம். அதனால் பெருமைக்காகப் பத்தடி போகாதீர்கள். 24 வோல்ட் 250 வாட் ஹலஜன் பல்புக்கு ஏழடி எட்டடி கண்ணுக்கு இதமான அளவு.

வெளிநாட்டு விற்பனைக்காரரிடம் வாங்குவதாக இருந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, இருட்டில் பின்னாலிருந்து டோர்ச் அடித்து எடுத்த படம். வேர்விட்டதுபோல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் கண்ணாடியை ஒட்டிய பசை விட்டுப்போகிறது, வீட்டில் திருத்த முடியாது. முன் கண்ணாடியில் சின்னக் கீறல் ஒன்றிரண்டு இருந்தால் பயப்படவேண்டாம், சுவரில் தெரியாது. விலையைக் குறைக்க உதவும்! இரண்டு, பின்பக்கத்துக் கண்ணாடியின் விட்டம். அது புரொஜெக்டர் லென்ஸின் முகத்தைவிடச் சிறியதாக இருந்தால் படத்தின் மூலைகள் இருண்டுபோகும். மூன்று, போகஸ் வளையத்தில் எழுதியிருக்கிற மிகக் குறைந்த தூரம். அது உங்கள் அறையைவிட நீளமாக இருந்தால் படம் கூர்மையாக விழாது.

எத்தனை மடங்கு விரிக்கும் என்பதையும் பார்க்கவேண்டும். 16 மில்லிமீற்றர் ஸ்கோப் பிரதிகளுக்கு 2 மடங்கு லென்ஸ்தான். 1.5 மடங்கு லென்ஸும் சந்தையில் கிடைக்கும், நல்ல கண்ணாடிதான், ஆனால் இரு மடங்கு நெருக்கிய பிலிமை அதில் ஓட்டினால் எல்லாரும் கால்வாசி மெலிந்தே நிற்பார்கள். உம்மா மறுபடியும் வருத்தமா என்று கேட்பார்.

என் லென்ஸ் வந்த வழியையும் சொல்லவேண்டும். ஜப்பானில் வாங்கி, கட்டாரில் வேலை செய்யும் மச்சானின் முகவரிக்கு அனுப்பி, அவர் விடுமுறைக்கு வரும்போது கைப்பையில் கொண்டுவந்தார். எங்கள் கரையோரத்தில் எந்த வீட்டில் ஒரு கட்டார் மச்சான் இல்லை? 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் பாய்ந்தபோது ஆசையை மடித்து வைத்திருந்தேன். கொஞ்சம் அடங்கியதும் முதல் வேலையாக இதை வாங்கினேன். ஒரு நல்ல ஸ்மார்ட் போனுக்குக் கொடுக்கிற காசுகூட ஆகவில்லை. அந்தப் போன் மூன்று வருடத்தில் பழசாகிவிடும். இது பழசாகித்தான் என்னிடமே வந்தது!

புரொஜெக்டரோடு பொருத்த அக்கரைப்பற்றில் ஒரு லேத் கடையில் அலுமினிய வளையம் ஒன்று கடைந்து, சுற்றிவர மூன்று ஸ்க்ரூ வைத்தோம். லென்ஸின் பாரம் புரொஜெக்டரின் மூக்கில் தொங்கக்கூடாது என்பதற்காக அடியில் தனித் தாங்கி. கல்முனைப் பக்கத் தியேட்டர் ஒன்றில் ஒப்பரேட்டராக இருந்த ஒரு காக்கா வந்து பூட்டும் முறையைக் காட்டித்தந்தார். "முதல்ல ஸ்கோப்பக் கழட்டி வெச்சிட்டு வெறும் லென்ஸில போகஸ் பண்ணு. மறுகா ஸ்கோப்பப் பூட்டி, வளையத்தத் தூரத்துக்குத் திருப்பு. கடைசியா லென்ஸ முழுசாச் சுத்தி நேராக்கு. ஒழுங்க மாத்தினா விடிய விடிய மல்லுக்கட்டணும்" என்றார். என்ன பொன்னான வார்த்தை! லென்ஸ் சற்றே சரிந்து நின்றாலும் படத்தில் வீடுகள் சாயும், மனிதர்கள் காற்றில் சரிந்ததுபோல நடப்பார்கள். அதைச் சரிபார்க்க என் ரீலிலேயே வழி இருந்தது. பாலத்துக்கு வருகிற ரயிலின் சக்கரம் முட்டையாகத் தெரியாமல் வட்டமாகத் தெரியும்வரை திருப்பினோம். வட்டமானது! காக்கா கதிரையில் சாய்ந்து, "மாஷா அல்லாஹ், பெல்கனியில இருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

திரைக்கு நான் தனியாகச் செலவழிக்கவில்லை. சுவரைச் சீராகப் பூசி, மினுக்கமில்லாத வெள்ளை அடித்து, சுற்றிவரக் கறுப்புத் துணி. முற்றத்தில் காட்டும்போது மருதமுனைக் கைத்தறி வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவோம். நெருக்கமான நெசவு, வெளிச்சத்தை நன்றாகத் தாங்குகிறது.

பராமரிப்பில் மட்டும் சோம்பல் கூடாது. எங்கள் பகுதியில் மாரி தொடங்கினால் நொவெம்பர் முதல் ஜனவரி வரை சுவரே வியர்க்கும். இறக்காமம் குளத்துப் பக்கத்து ஈரக்காற்றில் கண்ணாடிக்குப் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் தேவையில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல். நீலமணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானால் மெல்லிய சூட்டில் உலர்த்தி மறுபடியும் போடலாம். வெள்ளாமை ஊர் என்பதால் பலர் அரிசியைப் போடச் சொல்வார்கள். வேண்டாம், அதன் தூசி கண்ணாடியில் படியும். தூசியை முதலில் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டி, கடைசியில்தான் துணி. சாரன் நுனியால் துடைக்கிறவர்களை நான் லென்ஸுக்குக் கிட்ட விடுவதில்லை, மச்சானாக இருந்தாலும் சரி.

பிலிம் இல்லையே, டிஜிட்டல் புரொஜெக்டர்தானே இருக்கிறது என்பவர்களுக்கும் ஒரு நற்செய்தி. அகலப் படத்தை அதில் பார்க்கும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதல்லவா? படம் விழவேண்டிய உயரத்தில் கால் பங்கு அதிலே வீணாகிறது. புரொஜெக்டரில் படத்தை மேலும் கீழும் இழுத்து நிரப்பிவிட்டு, முன்னால் 1.33 மடங்கு லென்ஸ் ஒன்றை வைத்தால் பட்டை போய், விகிதம் 2.37க்கு வந்துவிடும். இரு மடங்கு லென்ஸ் இதற்குச் சரிவராது, ஆட்கள் பூசணிக்காயாகிவிடுவார்கள். என் மருமகனுக்காக இப்போது ஒரு 1.33 தேடுகிறேன். ஒருமுறை இந்த ருசி பிடித்தால் ஒரு லென்ஸோடு நிற்காது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்!

கடைசியாக ஒரு வேண்டுகோள். சம்மாந்துறையோ மட்டக்களப்போ, உங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் தியேட்டர் இருந்தால் அதன் சொந்தக்காரரிடம் இன்றைக்கே போய், படப்பெட்டி அறையில் ஏதும் கண்ணாடி கிடக்கிறதா என்று கேளுங்கள். இரும்புக் கடைக்காரனுக்கு அது நிறுத்து வாங்கும் அலுமினியம். கண்ணாடியை உடைத்து எறிந்துவிடுவான். எடுத்தது எந்த வகை என்று தெரியாவிட்டால் பின்பக்கத்தால் ஒரு வட்ட மணிக்கூட்டைப் பாருங்கள். மணிக்கூடு ஒடுங்கி நீள் முட்டையாகத் தெரிந்தால் விலை பேசத் தொடங்குங்கள், முகத்தில் சந்தோஷத்தைக் காட்டாமல். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு படம். கதிரை போதாவிட்டால் பாய் இருக்கிறது, பிளேன்டீ உம்மா தருவார். வாருங்கள், வந்து பாருங்கள். லென்ஸை மட்டும் தொடாதீர்கள்!